சொந்த மண் – 17: பொங்கல் வாரத்தில் பொடிந்த ஆடுகளம்

1987 அக்டோபர் 9. உலகக் கோப்பையில் தன் முதல் ஆட்டத்திலேயே, அதுவும் சேப்பாக்கத்தில், ஒரே ஒரு ரன்னில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் தோற்றதைச் சென்ற வாரம் பார்த்தோம்.

டீன் ஜோன்ஸ் தூக்கி அடித்த ஒரு பந்துக்கு நடுவர் காட்டியது நான்கு. அது ஆறு என்று இடைவேளையில் ஆஸ்திரேலிய மேலாளர் முறையிட்டார். நடுவர்கள் கபில் தேவிடம் கேட்டார்கள். கபில் மறுப்புச் சொல்லவில்லை. 268 ஆக இருந்த ஸ்கோர் 270 ஆனது. பதிலுக்கு இந்தியா எடுத்தது 269.

சொந்த மைதானத்தில், சொந்த ரசிகர்கள் முன்னால், விருந்தாளிக்கு இரண்டு ரன்னைக் கொடுத்துவிட்டு ஒரு ரன்னில் தோற்ற கதை அது.

மூன்று மாதம் கழிந்தது. அதே மைதானம். இந்த முறை வந்தவர்கள் மேற்கிந்தியத் தீவுகள் அணியினர். இந்த முறை யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கும் மனநிலையில் இல்லை.

*

முதலில் சேப்பாக்கம் மண்ணைப் பற்றிக் கொஞ்சம்.

இன்று சேப்பாக்கம் என்றதும் 'ஸ்பின்' என்று சொல்லிவிடுகிறோம். எழுபதுகளில் அப்படியில்லை. கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் பக்கத்தில் கிடக்கிற அந்த நிலத்தில் பந்து எழும்பும். வேகமாக வீசுகிறவனுக்கும் அதில் பங்கு உண்டு, சுழற்றுகிறவனுக்கும் உண்டு, கைதேர்ந்த மட்டையாளனுக்கும் உண்டு.

1975 பொங்கல் டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட் எடுத்தார். முதல் இன்னிங்ஸில் இந்தியா 190. அதில் பாதிக்கும் மேல், ஆட்டமிழக்காத 97, விஸ்வநாத்தின் மட்டையிலிருந்து வந்தவை. பிறகு பிரசன்னா 9 விக்கெட் எடுக்க, இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது. ஒரே ஆட்டத்தில் ஓர் அதிவேகப் பந்துவீச்சாளருக்கும் ஒரு ஆஃப் ஸ்பின்னருக்கும் அந்த மண் இடம் கொடுத்தது.

1979 ஜனவரியிலும் அப்படித்தான். துள்ளி எழுந்த ஆடுகளத்தில் விஸ்வநாத் 124 அடித்தார். மூன்று விக்கெட் மீதமிருக்க இந்தியா மேற்கிந்தியத் தீவுகளை வென்றது. 1980 ஜனவரியில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கபில் தேவ் 11 விக்கெட் எடுத்தார். வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் இந்திய மண்ணில், நம் பக்கத்திலிருந்து, 11 விக்கெட்!

சேப்பாக்கத்தின் பேர் இப்படித்தான் வந்தது. அங்கே நம்மவர்கள் அதிகம் ஜெயித்தார்கள். ஆனால் ஜெயிக்கும் வாய்ப்பு எதிராளிக்கும் இருந்தது. பொங்கல் விடுமுறையில் கரும்பும் கையுமாக இருக்க வேண்டிய ஊர், ஐந்து நாள் சிமென்ட் படிக்கட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தது அதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்துக்கு அப்படிக் கூட்டம் சேராது.

புதுச்சேரிக்காரனாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1952 பிப்ரவரி 10 அன்று, வினு மன்கட் 12 விக்கெட் எடுத்து, இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இதே சேப்பாக்கத்தில் பெற்றபோது, எங்கள் ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இங்கிலாந்தை வென்ற அந்தச் சேதி எங்களுக்கு எல்லைக்கு அப்பாலிருந்து வந்த சேதி. பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்தது 1954 நவம்பர் 1-இல். அதற்குப் பிறகும் 2018 வரை ரஞ்சிக் கோப்பையில் புதுச்சேரிக்கென்று ஓர் அணி கிடையாது. பெரிய கிரிக்கெட் பார்க்க வேண்டுமென்றால் 150 கிலோமீட்டர் தள்ளியிருந்த சேப்பாக்கம்தான் எங்களுக்கும் சொந்த மைதானம். அதன் பேருக்கு ஒரு கீறல் விழுந்தால் இங்கேயும் வலிக்கும்.

*

கீறல் விழுவதற்கான காரணங்கள் 1985-இல் தொடங்குகின்றன.

அந்த ஆண்டுப் பொங்கல் டெஸ்ட்டில் இங்கிலாந்தின் ஃபௌலர் 201, கேட்டிங் 207. ஒரே இன்னிங்ஸில் இரண்டு இரட்டைச் சதம். நீல் ஃபாஸ்டர் என்ற வேகப்பந்து வீச்சாளர் 11 விக்கெட் எடுத்தார். ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி. சேப்பாக்கம் மண் எல்லோருக்கும் பொது என்றால் அதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் உண்டு என்பது அன்று புரிந்தது.

1986-இல் ஆஸ்திரேலியாவுடன் டை. 1987 பிப்ரவரியில் பாகிஸ்தானுடன் டிரா. அக்டோபரில் அந்த ஒரு ரன் தோல்வி. கோட்டை என்று பேர் வாங்கிய மைதானத்தில் வெற்றி மட்டும் வரவில்லை.

உலகக் கோப்பை அரையிறுதியில் தோற்றதும் கபிலின் தலைமைப் பதவி போயிற்று. வெங்சர்க்கார் வந்தார். மேற்கிந்தியத் தீவுகளுடனான தொடரின் முதல் டெஸ்ட் டெல்லியில். முதல் இன்னிங்ஸில் இந்தியா 75-க்குச் சுருண்டது. கடைசியில் விவியன் ரிச்சர்ட்ஸ் ஆட்டமிழக்காமல் 109 அடித்துக் கதையை முடித்தார். பம்பாய் டிரா. கல்கத்தாவும் டிரா. அங்கே சதமடித்த வெங்சர்க்கார் பந்து பட்டுக் கை முறிந்து வெளியேறினார்.

நான்கு டெஸ்ட் தொடர். மூன்று முடிந்து 0–1. மீதி இருப்பது சேப்பாக்கம் மட்டும். தலைமை ரவி சாஸ்திரிக்குப் போயிற்று.

எதிரே நின்ற அணியை நினைவில் வையுங்கள். 1980-க்குப் பிறகு எந்த நாட்டிடமும் ஒரு டெஸ்ட் தொடரைக்கூட அவர்கள் இழந்ததில்லை. மார்ஷல் இந்தப் பயணத்தில் வரவில்லை என்றாலும் பாட்டர்சனும் வால்ஷும் இருந்தார்கள். 1979 சேப்பாக்கம் டெஸ்ட்டுக்குப் பிறகு, ஒன்பது வருஷமாக, இந்தியா அவர்களை ஒரு டெஸ்ட்டில்கூட வென்றதில்லை.

பழைய சேப்பாக்கம் பிட்சை அப்படியே கொடுத்தால் பாட்டர்சனும் வால்ஷும் என்ன செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

*

ஓர் ஆடுகளம் எப்படித் தயாராகிறது?

ஆட்டத்துக்குப் பல நாள் முன்பே நன்றாகத் தண்ணீர் விடுவார்கள். களிமண் ஊறியதும் கனமான ரோலரை ஏற்றுவார்கள். காய விடுவார்கள். மறுபடி கொஞ்சம் ஈரம், மறுபடி ரோலர். காலையும் மாலையும் இதே வேலை. துகளோடு துகள் இறுகி, மேற்பரப்பு ஒரே பலகையாக வேண்டும். அப்படி இறுகினால் முதல் இரண்டு நாள் பந்து சீராக எழும்பி வரும். மூன்றாம் நாளுக்கு மேல் விரிசல் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுழலுக்கு வழிவிடும்.

தண்ணீரைச் சீக்கிரம் நிறுத்திவிட்டு, ரோலரையும் குறைத்துவிட்டால்? அடியில் மண் இறுகாது. மேலே உலர்ந்த தோல் மட்டும் நிற்கும். பந்துவீச்சாளரின் காலணி ஆணி பட்ட இடமெல்லாம் பெயரும். சுழன்று வரும் பந்து அந்தப் பொடியைப் பிடித்துக்கொண்டு திரும்பும். ஒன்று முழங்காலுக்குக் கீழே போகும், அடுத்தது விலா எலும்புக்கு ஏறும். ஐந்தாம் நாள் நடக்க வேண்டியது முதல் நாளே நடக்கும்.

1988 ஜனவரி 11 அன்று சேப்பாக்கத்தில் இருந்தது இந்த இரண்டாவது வகை ஆடுகளம். முழுமையாகத் தயாரிக்கப்படாத பிட்ச் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. கிரிக்கெட் வரலாற்றில் அது அப்படியே பதிவாகியும் இருக்கிறது.

இந்தியா முதலில் ஆடியது. இப்படிப்பட்ட ஆடுகளத்தில் முதலில் ஆடக் கிடைப்பதே பாதி வெற்றி. கபில் தேவ் 109 அடித்தார். அக்டோபரில் இரண்டு ரன்னை எதிரணிக்குக் கொடுத்த அதே கபில். நாளாக நாளாக இங்கே நின்று ஆட முடியாது என்பது தெரிந்தவரைப் போல அடித்து ஆடினார். இந்தியா 382.

*

இப்போது அந்தப் பையன் வருகிறான்.

நரேந்திர ஹிர்வானி. வயது 19. கோரக்பூரில் பிறந்து, கிரிக்கெட்டுக்காக இந்தூருக்குப் போனவன். கண்ணாடி போட்ட லெக் ஸ்பின்னர். இதுதான் முதல் டெஸ்ட். நாலைந்து எட்டு ஓடி வந்து, பந்தை உயரத் தூக்கிப் போடுகிறவன்.

எதிரே ரிச்சர்ட்ஸ். ஹெல்மெட் போடாமல், சூயிங் கம் மென்றபடி, தோள் அசைய நடந்து வருகிற ரிச்சர்ட்ஸ். உலகத்தின் எந்தப் பந்துவீச்சாளரையும் ஒரே மணி நேரத்தில் நிலைகுலைய வைக்கக்கூடியவர். அந்த ஆடுகளத்திலும் அவர் 68 ரன் எடுத்துவிட்டார். அவர் நின்றால் 382 பெரிய எண் இல்லை.

ஹிர்வானி பயப்படவில்லை. பந்தைத் தட்டையாக வீசித் தப்பிக்கலாம் என்று நினைக்கவில்லை. தூக்கியே போட்டான். பந்து காற்றில் தொங்கி, இறங்கி, விழுந்தது. ரிச்சர்ட்ஸ் எதிர்பார்த்த இடத்தில் அது இல்லை. மட்டையைத் தாண்டிப் போய் ஸ்டம்பில் அடித்தது.

தொடரின் திருப்புமுனை அந்த ஒரு பந்து.

அதன் பிறகு கதவு திறந்துகொண்டது. ஹிர்வானி 61 ரன்னுக்கு 8 விக்கெட். மேற்கிந்தியத் தீவுகள் 184. ஃபாலோ ஆனைத் தவிர்க்க 183 வேண்டும், மயிரிழையில் தப்பினார்கள்.

இரண்டாம் இன்னிங்ஸில் இந்தியா எட்டு விக்கெட்டுக்கு 217 எடுத்து டிக்ளேர் செய்தது. அதில் 83 ரன் டபிள்யூ.வி. ராமனுடையது. அவருக்கும் இதுதான் முதல் டெஸ்ட். நம்ம ஊர் இடதுகை ஆட்டக்காரர். பந்து தாறுமாறாகத் திரும்பிய அந்தத் தரையில் அவர் எடுத்த 83 பற்றி யாரும் இன்று பேசுவதில்லை. ஹிர்வானியின் எண்களுக்கு அடியில் அது புதைந்துவிட்டது. என்னைக் கேட்டால், அந்த ஆட்டத்தின் மிக அருமையான மட்டை வேலை அதுதான்.

இலக்கு 416. எட்ட முடியாது என்று மேற்கிந்தியருக்குத் தெரியும். நின்று தடுத்தாலும் தாங்காது என்றும் தெரியும். ஆகவே இறங்கி வந்து அடிக்கப் பார்த்தார்கள். கிரீஸை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் பந்து திரும்பி விக்கெட் கீப்பர் கிரண் மோரே கைக்குப் போனது. அந்த இன்னிங்ஸில் மட்டும் ஐந்து ஸ்டம்பிங், ஆட்டம் முழுவதும் சேர்த்து ஆறு. இரண்டுமே டெஸ்ட் சாதனை. கஸ் லோகி ஒருவர் 67 வரை போராடினார். 160-க்கு ஆட்டம் முடிந்தது.

ஹிர்வானிக்கு மறுபடி 8 விக்கெட், இம்முறை 75 ரன் கொடுத்து. மொத்தம் 136 ரன்னுக்கு 16. 1972-இல் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவின் பாப் மாசி தன் முதல் டெஸ்ட்டில் எடுத்தது 137-க்கு 16. ஒரே ஒரு ரன்னில் அந்தச் சாதனை சேப்பாக்கத்துக்கு வந்தது.

இந்தியா 255 ரன்னில் வென்றது. தொடர் 1–1. ஊருக்கு அந்த வருஷம் பொங்கல் இரட்டைப் பொங்கல்.

*

இது நியாயமா?

மேற்கிந்தியருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. 1976-இல் ஜமைக்காவின் சபைனா பார்க்கில் பந்து பட்டு இந்திய ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனைக்குப் போனார்கள். இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுக்கு 97 என்ற நிலையில், மட்டை பிடிக்க ஆளில்லாமல் ஆட்டம் முடிந்தது. பெர்த் ஆஸ்திரேலியருக்காக எகிறும். லீட்ஸ் இங்கிலாந்துக்காரருக்காக வளையும். நாம் மட்டும் நம் மண்ணை நமக்காக வைத்துக்கொள்ளக் கூடாதா?

அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை. பெர்த் தன் இயல்பிலேயே பெர்த். சேப்பாக்கம் 1988-இல் தன் இயல்பில் இல்லை. ஒரு குறிப்பிட்ட எதிரியை, ஒரு குறிப்பிட்ட வாரத்தில் வீழ்த்துவதற்காக அதன் இயல்பு மாற்றப்பட்டது. ராபர்ட்ஸுக்கும் பிரசன்னாவுக்கும் ஒரே ஆட்டத்தில் இடம் கொடுத்த மண்ணுக்கு அன்றோடு வேறு வேலை கொடுக்கப்பட்டது.

இன்னொரு மைதானத்தையும் இங்கே பார்க்க வேண்டும். அதே 1988. அக்டோபர் 8. அமெரிக்காவின் லூசியானா மாநிலம், பேட்டன் ரூஜ் நகரம்.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டைகர் ஸ்டேடியம். அங்கே கல்லூரிக் கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற, மோதுகிற அமெரிக்கக் கால்பந்து. மாணவர் அணிதான், ஆனால் அன்று பார்க்க வந்தவர்கள் ஏறக்குறைய 80,000 பேர். இரவு ஆட்டம் அங்கே ஒரு மரபு. வெளியூர் அணிகள் 'மரணப் பள்ளத்தாக்கு' என்று அஞ்சுகிற இடம்.

அன்று எதிராளி ஆபர்ன் பல்கலைக்கழகம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆபர்ன் 6, லூசியானா 0. நான்காவது, கடைசி முயற்சி. டாமி ஹாட்ஸன் பந்தை எறிந்தார். எல்லைக் கோட்டுக்குள் எடி ஃபுல்லர் பிடித்தார். 7–6.

எழுந்த ஆரவாரத்தைப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை நிலநடுக்கமானி பதிவு செய்தது. அமெரிக்கர்கள் இன்றும் அதை 'பூகம்ப ஆட்டம்' என்றே சொல்கிறார்கள்.

ஒரே ஆண்டு, இரண்டு சொந்த மைதானங்கள். ஓரிடத்தில் நிலத்தை அசைத்தது கூட்டம். இன்னோரிடத்தில் நிலத்தை மாற்றியது நிர்வாகம். பேட்டன் ரூஜில் எதிரணிக்கும் அதே புல், அதே அளவு, அதே பந்து. ரசிகனின் தொண்டை மட்டுமே கூடுதல் ஆயுதம். சென்னையில் ரசிகனைக் கேட்காமலே ஆட்டத்தின் அடித்தரை மாற்றப்பட்டது. மைதானத்தின் பேரைச் சம்பாதித்தவன் படிக்கட்டில் உட்கார்ந்தவன். அதை எடுத்துச் செலவு செய்தவர் வேறு யாரோ. என் குறையெல்லாம் இதுதான்.

*

ஹிர்வானியை இதற்காகக் குறை சொல்லக் கூடாது. ரிச்சர்ட்ஸுக்கு எதிராகப் பந்தைத் தூக்கிப் போட்ட துணிச்சலை எந்த ரோலரும் தயாரிக்க முடியாது. முதல் நான்கு டெஸ்ட்டில் அவர் எடுத்தது 36 விக்கெட். ஆனால் வெளிநாட்டு மண்ணில் அவர் சோபிக்கவில்லை. மொத்தம் 17 டெஸ்ட், 66 விக்கெட்டோடு அவர் கணக்கு முடிந்தது. பாதிக்கு மேல் அந்த முதல் நான்கில் வந்தவை. பொடிந்த தரையில் கிடைத்த 16 விக்கெட்டை வைத்து ஒரு பத்தொன்பது வயதுப் பையனிடம் ஊர் எதிர்பார்த்தது மிக அதிகம்.

நிர்வாகத்துக்கோ வழி தெரிந்துவிட்டது. தொண்ணூறுகளில் இந்திய மண்ணில் வெற்றிக்குச் சூத்திரமே அதுவாயிற்று: வறண்ட ஆடுகளம், இரண்டு மூன்று ஸ்பின்னர்கள், முதலில் மட்டை. 1993-இல் சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 165 அடித்தார், கும்ப்ளே சுழற்றினார், இங்கிலாந்து இன்னிங்ஸ் தோல்வி. 1998-இல் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 155. வார்ன் இருந்தும் ஆஸ்திரேலியா 179 ரன்னில் தோல்வி. சேப்பாக்கம் மறுபடி கோட்டையாயிற்று. கேள்வி கேட்டவர்கள் அடங்கிப்போனார்கள்.

சுழல் என்றால் அது நம்முடையது, நமக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் வேரூன்றிவிட்டது.

1999 ஜனவரி 28. பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆடச் சேப்பாக்கத்தில் இறங்கியது. அவர்களோடு லாகூரிலிருந்து வந்த ஓர் ஆஃப் ஸ்பின்னர் இருந்தார், பெயர் சக்லைன் முஷ்டாக். நாம் பார்த்துப் பார்த்து உருவாக்கிய சுழல் மண்ணில், நம்மைவிட நன்றாகச் சுழற்றத் தெரிந்தவன் விருந்தாளியாக வந்தால் அந்த மண் யார் பக்கம் நிற்கும்? அதைவிட முக்கியம், அந்தப் படிக்கட்டுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் பக்கம் நின்றார்கள்?

(தொடரும்)